'சோக் பாயிண்ட்' என்பதற்குத் தமிழ்ச்சொல்: கணவாய் பொருந்துமா?

மதிப்பிற்குரிய குழும நண்பர்களுக்கு வணக்கம்.

விண்வெளி உத்தி விளையாட்டுகளில் புதிதாகப் பேரரசு அமைப்போருக்கான வழிகாட்டியில் 'சோக் பாயிண்ட்' (பிறர் உள்ளே வரக் கடந்தே ஆக வேண்டிய குறுகலான இடம்) என்பதை எப்படி எழுதுவது என்ற கேள்விக்கு நெரிபுள்ளி, குறுகுமுனை, வாயில் ஆகிய மூன்று சொற்கள் இதுவரை முன்வைக்கப்பட்டுள்ளன. ஸ்டெல்லாரிஸ் விளையாட்டில் அந்த இடத்தில் ஆட்டக்காரர் என்ன செய்கிறார் என்பதை முதலில் பார்த்துவிட்டால் தேர்வு எளிதாகும் என்று கருதுகிறேன்.

2016இல் வெளிவந்தபோது அதில் மூன்று வகைப் பயண முறைகள் இருந்தன. பகைக் கப்பல்கள் ஏறத்தாழ எத்திசையிலிருந்தும் வந்து இறங்க முடிந்ததால் எல்லைக் காவலுக்குப் பெரிய பொருள் இருக்கவில்லை. 2018 பிப்ரவரியில் வந்த 2.0 பதிப்பு, விண்மீன் மண்டலங்களை இணைக்கும் ஹைப்பர்லேன்களையே (விண்தடம் என்று எழுதுகிறேன்) பொதுவான பயண வழியாக்கியது. வரைபடத்துக்கு மேடுபள்ளம் வந்தது அப்போதுதான். 1993இன் மாஸ்டர் ஆஃப் ஓரியனில் எரிபொருள் எட்டும் தொலைவிலுள்ள எந்த விண்மீனுக்கும் நேராகப் போகலாம் என்பதால், அந்த ஆட்டத்தைப் பற்றி எழுதுகிறவருக்கு இச்சொல் தேவைப்படவே வாய்ப்பில்லை.

ஸ்டெல்லாரிஸில் ஆட்டம் தொடங்கும்போது கையில் இருப்பவை ஓர் ஆய்வுக் கப்பல், ஒரு கட்டுமானக் கப்பல், சில சிறு போர்க்கப்பல்கள். புதியவர் பெரும்பாலும் தலைநகரை ஒட்டிய மண்டலங்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பிடித்துக்கொண்டே போவார். மண்டலத்தைப் பிடிக்க அங்கே அமைக்கும் ஒவ்வொரு புறக்காவல் நிலையத்துக்கும் உலோகக்கலவையும் செல்வாக்கும் செலவாகும். இவற்றுள் செல்வாக்கு மிக மெதுவாகவே சேரும். அவர் உள்நாட்டை நிரப்பி முடிப்பதற்குள், மூன்று நான்கு தடங்கள் வந்து கூடும் முக்கிய மண்டலத்தில் அண்டைப் பேரரசு வந்து உட்கார்ந்துவிடும். தேர்ந்த ஆட்டக்காரர் ஆய்வுக் கப்பலைத் தடங்களின் போக்கில் முன்னே அனுப்பி, எந்த மண்டலத்தைப் பிடித்தால் அதற்குப் பின்னாலுள்ள பல மண்டலங்களுக்குப் பிறர் வர வழியில்லாமல் போகும் என்று கண்டறிந்து, தொலைவுக்கேற்பக் கூடும் செல்வாக்குச் செலவையும் ஏற்றுக்கொண்டு, அங்கே முதலில் நிலையம் அமைப்பார். எல்லையை மூடிவிட்டால் அண்டைவீட்டாரின் கட்டுமானக் கப்பல் உள்ளே வர முடியாது. பின்னாலுள்ளவற்றை ஆற அமர நிரப்பிக்கொள்ளலாம்.

போர்க்காலத்திலும் அந்த இடத்தின் பயன் இதுவே. நிலையத்தை மேம்படுத்தி, கடப்புத் தடுப்புத் தொழில்நுட்பத்தையும் கற்றுவிட்டால், வந்த பகைப்படை அந்த நிலையத்தை வீழ்த்தாமல் உள்ளே நகர முடியாது. வந்த தடத்தில் திரும்பிப் போகத்தான் முடியும். மேம்படுத்தக்கூடிய நிலையங்களின் எண்ணிக்கைக்கு வரம்பு இருப்பதால், கண்ட இடமெல்லாம் கோட்டை கட்டுவதும் கட்டுப்படியாகாது.

ஆக, இது பிடிக்கவும் மூடவும் காக்கவும் வேண்டிய ஓர் இடம். 'நெரிபுள்ளி' என்பதில் கழுத்தை நெரிக்கும் உணர்வு இருக்கிறதே தவிர, காப்பதற்குரிய இடம் என்ற குறிப்பு இல்லை. 'குறுகுமுனை' குறை சொல்ல முடியாத சொல், ஆனால் வடிவத்தை மட்டும் சொல்கிறது. கணிதப் பாடநூலில் பொருந்தும். 'வாயில்' அழகானது; எனினும் இதே விளையாட்டில் தொலைவிலுள்ள இரு மண்டலங்களை நொடியில் இணைக்கும் 'கேட்வே' என்ற கட்டமைப்பு இருப்பதால், அதற்கே அச்சொல்லை ஒதுக்க வேண்டும்.

என் பரிந்துரை கணவாய். கைபர் கணவாய் வழியே படைகள் வந்ததைப் பள்ளிப் பாடத்தில் படித்த எவருக்கும், படை அங்கேதான் வரும், அங்கேதான் தடுக்க வேண்டும் என்பது விளக்காமலே புரியும்.

~

ஐயா, வணக்கம்.

விளக்கத்துக்கு நன்றி. எனக்கு இரண்டு தயக்கங்கள் உள்ளன. எங்கள் கடற்கரை ஊர்களில் கணவாய் என்றால் முதலில் நினைவுக்கு வருவது மீன்சந்தையில் விற்கும் கணவாய்தான். "முதல் பத்தாண்டுகளில் இரண்டு கணவாயைப் பிடியுங்கள்" என்று வழிகாட்டியில் எழுதினால் சிறுவர்கள் சிரிப்பார்கள். மற்றொன்று, மலைக்கணவாய் என்பது ஒரு பாதை. விளையாட்டிலோ பாதை என்பது விண்தடம். நாம் பெயரிட முயல்வது தடங்கள் கூடும் மண்டலத்துக்கு. பாதையின் பெயரை முனைக்குச் சூட்டலாமா?

~

அம்மையீர், வணக்கம்.

மீனைப் பற்றிய தயக்கத்தை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. திங்கள், ஞாயிறு போன்ற சொற்களை இடம் அறிந்து பிரித்துக்கொள்ளும் வாசகர் இதையும் பிரித்துக்கொள்வார். இரண்டாவது தயக்கம் சரியானது. ஆகவே முதல் முறை வரும்போது 'கணவாய் மண்டலம்' என்று முழுமையாக எழுதி, பின்னர் 'கணவாய்' என்று சுருக்கலாம். சந்தையும் அப்போது குறுக்கே வராது.

இன்னொரு கூறையும் வரையறையில் சேர்க்க வேண்டும். ஆட்டத்தின் பிற்பகுதியில் தொலைவிலுள்ள மண்டலங்களை இணைக்கும் புழுத்துளைகளும் வாயில்களும், தடமின்றியே கப்பலைத் தாவச் செய்யும் தாவல் இயந்திரங்களும் வந்துவிட்டால் பகைவர் கணவாயைச் சுற்றிக்கொண்டு உள்ளே வர முடியும். புதியவர்கள் அதை அறியாமல் படை முழுவதையும் ஒரே நிலையத்தில் நிறுத்தி வைத்துவிடுகிறார்கள். பதிவுக்கான வரைவு இது:

கணவாய் மண்டலம்: ஒரு நிலப்பரப்புக்குள் நுழையும் விண்தடங்கள் அனைத்தும் அல்லது பெரும்பாலானவை கடந்தே ஆக வேண்டிய விண்மீன் மண்டலம். தொடக்க விரிவாக்கத்தில் முன்னதாகப் பிடிக்கத்தக்கது. தடங்களைச் சாராத பயண முறைகள் கிடைத்தபின் இதன் காவல் மதிப்புக் குறையும்.

'நிலப்பரப்பு' என்பது விண்வெளிக்குச் சற்று நெருடலாகவே இருக்கிறது. 'ஆட்சிப்பரப்பு' என்று மாற்றுவதில் மறுப்பில்லையெனில் அப்படியே கலைச்சொல் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.