மாந்தளிர் சிறுத்து நுனி கொத்தாகிறது: உரக் குறையா, நோயா?

கேள்வி

ஐயா, சேலம் செட்டிச்சாவடிக்கு அருகில் எங்களுக்கு எட்டு வயதுடைய 60 மாமரங்கள் உள்ளன. பெரும்பகுதி பெங்களூரா, மீதி இமாம் பசந்த். சென்ற மழைக்குப் பின் வந்த தளிர்களில் இலைகள் விரலளவே குறுகி, தடித்து, நரம்புகளுக்கு இடையே மஞ்சளாகிவிட்டன. நான்கு இமாம் பசந்த் மரங்களில் மட்டும் கிளை நுனி வீங்கி, சிட்டுக்குருவிக் கூடு போல் குட்டை இலைகள் கொத்தாக முளைத்துள்ளன. உரக்கடையில் மெக்னீசியக் குறை என்று கூறியதால் மரத்துக்கு அரை கிலோ மெக்னீசியம் சல்பேட் இட்டும் பலனில்லை. ஆண்டுதோறும் டிஏபி உரம் தாராளமாகவே இடுகிறோம். என்ன குறை?

பதில் 1

உங்கள் ஊர் வெள்ளைக்கல் பூமி. மெக்னீசியத் தாதுவான மக்னசைட் வெட்டியெடுக்கும் மண்ணுக்கு மெக்னீசியத்தை விலைக்கு வாங்கி இடுவது, ஏரியில் தண்ணீர் ஊற்றுவதற்குச் சமம். அக்குறை முதலில் முதிர்ந்த இலைகளில்தான் தெரியும். உங்களுக்கோ தளிர்தான் கெட்டிருக்கிறது. மண்ணின் காரநிலை (pH) எவ்வளவு?

கேள்வி கேட்டவர்

மண் பரிசோதனையில் 8.6 என வந்துள்ளது.

பதில் 2

அப்படியென்றால் சிற்றிலைக்குத் துத்தநாகக் (ஜிங்க்) குறையே காரணமாக இருக்க வேண்டும். காரம் மிகுந்த மண்ணில் துத்தநாகம் இருந்தாலும் வேர் எடுக்க முடியாத வடிவில் பூட்டப்பட்டுவிடும். அளவுக்கு மீறிய டிஏபியில் உள்ள மணிச்சத்து (பாஸ்பரஸ்) அந்தப் பூட்டை இன்னும் இறுக்கும் என்பதால் அதை முதலில் நிறுத்துங்கள். மண்ணில் இடுவதைவிட இலைவழியே கொடுப்பதுதான் விரைவில் கைகொடுக்கும். 100 லிட்டர் நீருக்கு ஜிங்க் சல்பேட் அரை கிலோவும் நீர்த்த சுண்ணாம்பு கால் கிலோவும் தனித்தனியே கரைத்து, சுண்ணாம்பு நீரை வடிகட்டிக் கலந்து, தளிர் விரியும் பருவத்தில் மாலையில் தெளியுங்கள். சுண்ணாம்பைத் தவிர்த்தால் இளம் இலை கருகும், அனுபவத்தில் சொல்கிறேன்.

கொத்து நுனி வேறு கதை. அது ஃபியூசேரியம் என்னும் பூஞ்சையால் வரும் உருக்குலைவு நோய். வட மாநிலங்களில் மிகுதி, நம் பக்கம் குறைவு என்பதால் பலரும் அதைச் சத்துக் குறை என்றே எண்ணி ஏமாறுகிறார்கள். சத்துக் குறை ஒரு மரத்தின் பல கிளைகளிலும் பரவலாகத் தெரியும். இது உங்கள் மரங்களில் இருப்பதுபோல் சில நுனிகளில் மட்டும் குடியிருக்கும். இதற்கு எந்த உரமும் தீர்வாகாது. வீங்கிய இடத்துக்குக் கீழே ஒரு சாண் நல்ல கிளையையும் சேர்த்து வெட்டி, அன்றைக்கே எரித்துவிடுங்கள். கத்தரியை ஒவ்வொரு மரத்துக்கும் இடையே பிளீச்சிங் நீரில் கழுவுங்கள். பூ வரும்போது தடித்த, காய்க்காத கொத்துகள் தென்பட்டால் அவற்றுக்கும் இதுவே வழி.

கேள்வி கேட்டவர்

நேற்று 11 கொத்துகளை வெட்டி எரித்தோம். ஒன்றைக் கையால் பிரித்துப் பார்த்தபோது, கட்டை விரல் பருமனுள்ள கணுவில் முப்பதுக்கும் மேற்பட்ட மொட்டுகள் நெருக்கியடித்திருந்தன. அதே மரங்களின் நல்ல கிளையிலிருந்து ஒட்டுக்குக் குச்சி எடுக்கலாமா?

பதில் 2

வேண்டாம். வெளியே நோய்க்குறி தெரியாத கிளையிலும் பூஞ்சை இருக்கக்கூடும். ஒட்டுக்கன்று வழியேதான் இந்நோய் தோட்டம் விட்டுத் தோட்டம் போகிறது. குறி இல்லாத வேறு மரத்திலிருந்து எடுங்கள்.