கூலண்ட் குறையுது, தரையில ஒரு சொட்டு இல்ல: வீட்லயே லீக் கண்டுபிடிக்க முடியுமா?

புளியரை வளைவு:

ஸ்விஃப்ட் பெட்ரோல், 2012 மாடல். செங்கோட்டை - புனலூர் ஓட்டம்தான் அதிகம். ரிசர்வ் டப்பாவுல கூலண்ட் (இன்ஜினைக் குளிரவைக்கிற திரவம்) மேல்கோட்டுலேருந்து கீழ்கோட்டுக்கு ஒரே வாரத்துல இறங்கிடுது. வண்டி நிக்கிற இடத்துல தரை காய்ஞ்சுதான் கிடக்கு. கோட்டவாசல் மலையேத்தம் ஏறி முடிச்சதும் பானட் பக்கம் இனிப்பா ஒரு வாடை. சூடு எச்சரிக்கை இதுவரை வந்ததில்ல. காலையில இன்ஜின் ஆறினப்புறம் ரேடியேட்டர் மூடியைத் திறந்தா கழுத்து வரைக்கும் நிறைஞ்சிருக்கு. ஆயில் குச்சி சுத்தம். ஆயில் ஊத்துற மூடிக்கு அடியில மட்டும் வெண்ணெய் மாதிரி லேசா ஒரு படிவு. ஏசி போட்டா வண்டிக்கு அடியில தண்ணி சொட்டுது, அது ஏசி தண்ணியா கூலண்டான்னு எப்படிப் பிரிச்சுப் பாக்கிறது?

ஒர்க்ஷாப்ல எதையும் சோதிக்காமலே ரேடியேட்டரை மாத்திடலாம்ங்கிறாங்க. அதுக்கு முன்னாடி வீட்ல உறுதி பண்ண வழி உண்டா? ஸ்பேனர் செட், ஜாக், ஸ்டாண்ட் எல்லாம் கைவசம் இருக்கு.

தென்மலை டீசல்:

ரேடியேட்டருக்கு இப்போ காசு போடாதீங்க. நீங்க எழுதினதுலயே பாதி விடை இருக்கு.

இந்த வண்டியில பிரஷர் மூடி ரேடியேட்டர் மேல இருக்கு. பக்கத்துல இருக்கிற டப்பா பிரஷர் இல்லாதது. சூடானா கூலண்ட் விரிஞ்சு, மூடியோட ஸ்பிரிங்கைத் தள்ளிக்கிட்டு டப்பாவுக்குப் போகும். ஆறும்போது மூடி நடுவுல இருக்கிற சின்ன வால்வு வழியா திரும்ப உள்ளே உறிஞ்சிக்கும். காலையில கழுத்து நிறைஞ்சிருக்கு, டப்பா மட்டும் இறங்குதுன்னா இந்தப் போக்குவரத்து ஒழுங்கா நடக்குது. வேற எங்கேயோ கசியுது, அந்தக் குறையை டப்பா ஈடுகட்டிக்கிட்டு இருக்கு. நேர்மாறா டப்பா நிறைஞ்சு கழுத்து காலியா இருந்தா, மூடி வால்வையோ, கழுத்துலேருந்து டப்பாவுக்குப் போற சின்ன டியூபையோ சந்தேகப்படணும். அந்த டியூப்ல ஒரு கீறல் விழுந்தாலும் கூலண்டுக்குப் பதிலா காத்தைத்தான் உறிஞ்சும். ஆறினதும் மேல் ஹோஸ் சப்பையா ஒட்டிக்கிச்சுன்னா அதுவும் மூடி திரும்ப விடலைங்கிறதுக்கு அடையாளம்.

தரை ஏன் நனையல? சின்னக் கசிவு சூடான உலோகத்துல பட்டதும் ஆவியாயிடும். மிஞ்சுறது சாயமும் உப்பும்தான். அதனால ஈரத்தைத் தேடாதீங்க, கறையைத் தேடுங்க. டார்ச் அடிச்சு ஹோஸ் நுனிகள், தெர்மோஸ்டாட் (சூடானாத்தான் கூலண்டை ரேடியேட்டருக்கு விடுற வால்வு) கூடு, ரேடியேட்டரோட பிளாஸ்டிக் தொட்டியும் அலுமினியமும் சேர்ற மடிப்பு, வாட்டர் பம்ப் கப்பிக்குப் பின்பக்கம், இத்தனையும் பாருங்க. பச்சையாவோ வெள்ளையாவோ பொரிஞ்ச தடம் இருக்கும். கசிவு கீழே வழியும், ஓடும்போது ஃபேன் காத்துல பின்னாலயும் சிதறும். அதனால கறையோட உச்சி எங்கேயோ ஓட்டையும் அங்கேதான்.

ஏசி தண்ணியை வெள்ளை டிஷ்யூல பிடிச்சுப் பாருங்க. நிறமும் வழுவழுப்பும் இல்லேன்னா அது வெறும் தண்ணி. நாக்குல மட்டும் வச்சுப் பாக்காதீங்க, கூலண்ட்ல இருக்கிற எத்திலீன் கிளைக்கால் விஷம். ஹீட்டர் கோர் (வண்டிக்குள்ள சூடு காத்து தர்ற குட்டி ரேடியேட்டர்) ஓட்டையா இருந்தா ஈரம் வண்டிக்குள்ளயே வரும்: கால்மிதி நனையும், முன்கண்ணாடி உள்பக்கம் துடைக்கத் துடைக்கப் பிசுபிசுப்பா மங்கும்.

ஆயில் மூடி படிவுக்குப் பயப்பட வேண்டாம். சாரல் காலத்துல, இன்ஜின் முழுசா சூடாகுறதுக்குள்ள நிறுத்துற சின்ன ஓட்டம் இருந்தா ஈரக்காத்து அங்கே படியும். குச்சியிலயும் ஆயில் பால் கலந்தாப்ல இருந்தாத்தான் கவலை.

இப்போ சோதனை. கையால பம்ப் அடிக்கிற ரேடியேட்டர் பிரஷர் டெஸ்டர் தென்காசியிலோ புனலூர்லயோ ரேடியேட்டர் கடைக்காரர்கிட்ட இருக்கும், ஒரு நாளைக்குக் கேட்டு வாங்குங்க. இன்ஜின் முழுசா ஆறியிருக்கணும். கழுத்து வரை நிரப்பி, மூடிக்குப் பதிலா டெஸ்டரை மாட்டி, மூடியில எழுதியிருக்கிற அளவு வரைக்கும் ஏத்துங்க (0.9 இல்லேன்னா 1.1 பார்னு இருக்கும்). அதுக்கு மேல போகக் கூடாது, நல்லா இருக்கிற மடிப்பும் பிச்சுக்கும். 15 நிமிஷம் முள் அசையாம நிக்கணும். ஆறின உலோகத்துல கசியுறது ஆவியாகாது, துளியா நிக்கும், கண்ணுக்குத் தெரியும். சைக்கிள் பம்பை வச்சு இதைச் செய்யலாம்னு யாராவது சொல்வாங்க. கேஜ் இல்லாத பம்ப் நாலே அடியில அளவைத் தாண்டிடும், வேண்டாம்.

டெஸ்டர் கிடைக்கலைன்னா இணைப்பு ஒவ்வொண்ணையும் துடைச்சுக் காயவிட்டு, அடியில அட்டை விரிச்சு, ஃபேன் ரெண்டு தடவை சுத்தி நிக்கிற வரைக்கும் ஓட விட்டு ஆஃப் பண்ணுங்க. ஆஃப் பண்ணின அடுத்த பத்து நிமிஷம்தான் பாக்க வேண்டிய நேரம். ஓட்டம் நின்னதும் இன்ஜின் மேல்பாகமான ஹெட்ல இருக்கிற சூடு கூலண்டுக்கு ஏறி பிரஷர் இன்னும் கூடும். கையை ஃபேன் பக்கம் கொண்டுபோகாதீங்க, சாவி இல்லாமலும் அது சுத்தலாம்.

எல்லாம் வெளியே சுத்தமா இருந்து முள் மட்டும் இறங்கினா ஹெட் கேஸ்கெட்டையும் (ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவுல இருக்கிற அடைப்புத் தகடு) சந்தேகப்படணும். ஆறின இன்ஜினை மூடி போட்டு ஸ்டார்ட் பண்ணி ஒரு நிமிஷத்துக்குள்ள மேல் ஹோஸ் கல்லு போல இறுகுதான்னு பாருங்க; மறுபடி ஆறினப்புறம் மூடியைத் திறந்து வச்சு ஸ்டார்ட் பண்ணி, கழுத்துல குமிழி நிக்காம வருதான்னு பாருங்க. சந்தேகம்னா, கழுத்துல இன்ஜின் புகை வந்தா நீல திரவம் மஞ்சளாகுற சோதனைக் குழாய் இருக்கு, அது பொய் சொல்லாது.

குற்றாலச் சாரல்:

இவ்வளவு எதுக்கு அண்ணாச்சி? ரேடியேட்டர்ல ரெண்டு ஸ்பூன் மஞ்சத்தூள் போடச் சொல்லுங்க. லாரிக்காரங்க காலங்காலமா செய்யுறதுதானே.

பட்டறை 744:

லாரியில அந்தக் காலத்துப் பித்தளை ரேடியேட்டர், குழாய் அகலம். இந்தக் காருல அலுமினியக் குழாய் உள்ளே ரொம்பக் குறுகல், ஹீட்டர் கோர் அதைவிடக் குறுகல். தூள் ஓட்டையைத் தேடிப் போய் உக்காராது, ஓட்டம் எங்கே மெதுவா இருக்கோ அங்கே சேரும். இன்னைக்குக் கசிவு நின்னாலும், அடுத்த கோடையில சமவெளியிலயே சூடேறும். கடையில விக்கிற லீக் பவுடருக்கும் இதே கணக்குதான். ஆரியங்காவு காட்டு வழியில மாட்டிக்கிட்டா போடலாம். வீட்டு வாசல்ல நிக்கிற வண்டிக்கு எதுக்கு?

கேட்டவருக்கு: மேல் ஹோஸ் நுனியில துளி வந்தா அவசரப்பட்டு ஹோஸ்னு முடிவு கட்டாதீங்க. ஹோஸைக் கழட்டி ரேடியேட்டர் தொட்டியோட பிளாஸ்டிக் குழல் அடிப்பாகத்தைப் பாருங்க. மயிரிழைக் கீறல் இருந்தாலோ, கறுப்பு நிறம் பழுப்பாகி நகத்தால சுரண்டினா பொடியா வந்தாலோ அந்தத் தொட்டி முடிஞ்சுது. நைலான் வருஷக்கணக்கா சூடு பட்டு முறுகிப் போயிடும். எம்-சீல் ஒட்டுறதுல பலனில்ல, பிளாஸ்டிக் விரியுற அளவும் அது விரியுற அளவும் வேற, பத்து சூட்டுக்குள்ள விட்டுடும். அப்போ ஒர்க்ஷாப் சொன்னது சரி, ரேடியேட்டரை மாத்துங்க.

குழல் நல்லா இருந்தா வேலை சுலபம். பழைய ஹோஸைப் பிடுங்கி இழுக்காதீங்க, குழல் முறிஞ்சிடும். பிளேடால நீளவாக்குல லேசாக் கீறி உரிங்க. குழலை ஸ்காட்ச் பிரைட்டால தேச்சு, கல் படிவு போனதும் துடைங்க. புது ஹோஸுக்குக் கிரீஸ் தடவ வேண்டாம், கூலண்டாலயே நனைச்சுச் செருகலாம். கிளாம்ப் குழல் நுனியில இருக்கிற மேட்டுக்குப் பின்னாடி உக்காரணும். மேட்டு மேலயே உக்கார்ந்தா எவ்வளவு இறுக்கினாலும் கசியும், பாதி கேஸ் இதுதான். கம்பெனி ஸ்பிரிங் கிளாம்ப் தளர்ந்திருக்கலைன்னா அதையே போடுங்க. ரப்பர் சுருங்கினாலும் அது கூடவே சுருங்கிப் பிடிக்கும். திருகு கிளாம்ப் போட்டா ஒரு சூட்டுக்கு அப்புறம், ஆறினதும், மறுபடி ஒரு சுத்து பாக்கணும்.

புளியரை வளைவு:

டெஸ்டர் கிடைச்சுது. 1.1ல நிறுத்தினா அஞ்சு நிமிஷத்துல 0.9. மேல் ஹோஸ் கீழ்ப்பக்கம் துளி நின்னுது. குழல்ல கீறல் இல்ல, கிளாம்ப் மேட்டு மேல ஏறிக் கிடந்துது. ஹோஸ், கிளாம்ப் ரெண்டும் மாத்தி மறுபடி ஏத்தினா 15 நிமிஷத்துல 1.1லேருந்து 1.0. இப்போ ஈரம் எங்கேயும் இல்ல, ஆனா பம்ப் கப்பிக்குப் பின்னாடி பச்சையா ஒரு கோடு கீழ்நோக்கி இறங்கியிருக்கு.

தென்மலை டீசல்:

முதல்ல டெஸ்டர் மாட்டின இடத்துலயே காத்து போகுதான்னு சோப்பு நுரை தடவிப் பாருங்க, 0.1 அதுலயும் இறங்கலாம். அங்கே குமிழி இல்லேன்னா பம்ப்தான்.

பம்ப் உடம்புல சீலுக்கும் பேரிங்குக்கும் நடுவுல ஒரு சின்ன ஓட்டை இருக்கும். சீல் தேஞ்சா கூலண்ட் பேரிங்குக்குள்ள போகாம அதுவழியா வெளியேறணும்னே வச்ச ஓட்டை அது. காய்ஞ்ச மெல்லிய தடம் மட்டும்னா கவனிச்சாப் போதும். கோடா இறங்கியிருக்குன்னா சீல் போயிடுச்சு. அந்த ஓட்டையை அடைச்சா கூலண்ட் பேரிங்கைத் தின்னும், கப்பி ஆடி பெல்ட் தெறிக்கும். அதை மட்டும் செய்யாதீங்க.

இந்த இன்ஜின்ல வால்வுகளை ஓட்டுறது உள்ளே இருக்கிற டைமிங் செயின், பம்ப் வெளி பெல்ட்ல ஓடுது. அதனால டைமிங்கைத் தொடாமலே மாத்தலாம். பெல்ட் இறுக்கமா இருக்கும்போதே கப்பி போல்ட்டைத் தளர்த்துங்க, பெல்ட் எடுத்தப்புறம் கப்பி கூடவே சுத்தும். பெல்ட்டைக் கழட்டினதும் கப்பியை மேலயும் கீழயும் ஆட்டிப் பாருங்க, ஆட்டம் இருந்தா சந்தேகமே வேண்டாம். பழைய கேஸ்கெட்டைப் பிளாஸ்டிக் ஸ்கிராப்பரால எடுங்க. கத்தி போட்டா அலுமினியத்துல கோடு விழும், அந்தக் கோடு வழியா மறுபடி கசியும். கேஸ்கெட் வர்ற பம்புக்கு சிலிக்கான் பூசாதீங்க, பிதுங்குற துணுக்கு ரேடியேட்டர்ல போய் அடைக்கும். போல்ட்டை எதிரெதிரா கொஞ்சம் கொஞ்சமா இறுக்குங்க. எம்6 போல்ட்னா 10 நியூட்டன் மீட்டர் போதும். அலுமினியத்துல மரை போனா அது தனிச் செலவு.

வடிச்ச கூலண்டை மூடின கேன்ல வைங்க. இனிப்பா இருக்கிறதால நாய், ஆடு குடிச்சிடும், கொஞ்சமே போதும் சாக.

பட்டறை 744:

நிரப்புறதுல ஒரு விஷயம். போர் தண்ணி ஊத்தாதீங்க, உப்பு படிஞ்சு பம்ப் சீலைத் தேய்க்கும். பேட்டரிக்கு விக்கிற டிஸ்டில்டு வாட்டர் வாங்குங்க. ரெடிமிக்ஸ் கூலண்டா இருந்தா அதுல தண்ணியே சேர்க்கக் கூடாது. தண்ணி கலக்காத கான்சன்ட்ரேட்னா அதுவும் தண்ணியும் பாதிக்குப் பாதி. நம்ம ஊர்ல பனி உறையுறதில்லையே, தண்ணிதானே சூட்டை நல்லா இழுக்கும்னு கூலண்டைக் குறைச்சு ஊத்துறவங்க உண்டு. இழுக்கும்கிறது உண்மைதான். 30 சதவீதம் வரைக்கும் நான் ஒத்துக்குவேன், அதுக்குக் கீழே போனா துரு தடுக்குற மருந்து பத்தாது. நிறத்தைப் பாத்துக் கலக்காதீங்க, பச்சையும் பச்சையும் ஒரே சரக்குங்கிறதுக்கு உத்தரவாதம் இல்ல.

காத்து எடுக்கிறதுக்கு வண்டி மூக்கு மேட்டைப் பாத்து நிக்கணும். மூடி திறந்து, ஹீட்டரை முழுச் சூட்டுல வச்சு, மெதுவா ஊத்தி ஐடில்ல விடுங்க. தெர்மோஸ்டாட் திறக்கிற வரைக்கும் மேல் ஹோஸ் குளுமையா இருக்கும், திறந்ததும் திடீர்னு சூடாகி மட்டம் சரசரன்னு இறங்கும். அப்போ ஹோஸைத் துணி வச்சு அமுக்கி அமுக்கி விட்டு நிரப்புங்க. குமிழி நின்னதும் மூடி. மறுநாள் காலையில டப்பாவைப் பாத்துச் சேருங்க.

புளியரை வளைவு:

பம்ப் வர ரெண்டு மூணு நாள் ஆகும்போல. நாளைக்குப் புனலூர் போயே ஆகணும், வண்டி தாங்குமா?

தென்மலை டீசல்:

கப்பி ஆடலைன்னா, சத்தம் இல்லைன்னா போகலாம். கிளம்புறதுக்கு முன்னாடி கழுத்தும் டப்பாவும் நிறைங்க, ரெண்டு லிட்டர் டிஸ்டில்டு வாட்டர் வண்டியில இருக்கட்டும். புளியரை எஸ் வளைவுலேருந்து கோட்டவாசல் வரைக்கும் ஏசியை ஆஃப் பண்ணி சின்ன கியர்ல ஏறுங்க. சூடு எச்சரிக்கை விளக்கு எரிஞ்சா ஓரங்கட்டி நிறுத்துங்க. மேல் ஹோஸைக் கையால இறுக்கிப் பிடிக்க முடியுற அளவுக்கு ஆறினப்புறம்தான் மூடியில கை வைக்கணும், முக்கால் மணி நேரமாவது ஆகும். பச்சைத் தண்ணியை சூடான இன்ஜின்ல ஊத்தினா ஹெட் வளைஞ்சிடும். கப்பி பக்கம் கரகரன்னு சத்தம் வந்தா ஏறாம அங்கேயே திரும்பிடுங்க.

புளியரை வளைவு:

சோப்பு நுரை போட்டேன், டெஸ்டர்ல குமிழி இல்ல. கப்பியில ஆட்டமும் இல்ல. பம்ப், கேஸ்கெட், பெல்ட் மூணுக்கும் ஆர்டர் சொல்லிட்டேன்.

பட்டறை 744:

பழைய பெல்ட்டுல கூலண்ட் பட்டிருந்தா மாத்துறது சரிதான். புதுசைப் போட்டதும் ஒரு வாரம் ஓடவிட்டு இறுக்கத்தை மறுபடி பாருங்க.