சோடா வரிப் பணம்: விண்ணப்பம் எழுதத் தெரிந்தவர்கள் உதவ முடியுமா?

எல்லாருக்கும் வணக்கம். கலிஃபோர்னியாவின் ஓக்லாந்து நகரத்தில், ஃப்ரூட்வேல் பகுதியில் சனிக்கிழமைதோறும் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறேன். பெரும்பாலும் மெக்சிகோ, குவாத்தமாலாவிலிருந்து வந்த ஏழைக் குடும்பங்கள். போன வாரம் ஒன்பது வயதுப் பையன் ஒருவன் ஒரு மாடி ஏறியதற்கே மூச்சு வாங்க உட்கார்ந்துவிட்டான். பையில் பாதி குடித்த ஆரஞ்சு சோடா. அம்மா இரவில் அலுவலகங்களைச் சுத்தம் செய்கிறவர். "முனைக் கடையில் பழத்தை விட இதுதான் மலிவு" என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

அமெரிக்காவில் ஹிஸ்பானிக் (ஸ்பானிஷ் பேசும் நாடுகளை வேராகக் கொண்ட) பிள்ளைகளில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு உடல் பருமன் இருக்கிறது. நகரத்திடம் பணம் இல்லாமலும் இல்லை. 2016இல் ஓக்லாந்து மக்கள் வாக்களித்துக் கொண்டுவந்த சோடா வரி (மெஷர் எச்எச் என்பது அந்த வாக்கெடுப்பின் பெயர்), இனிப்புப் பானத்துக்கு அவுன்ஸுக்கு (சுமார் 30 மி.லி.) ஒரு சென்ட். அதாவது 12 அவுன்ஸ் டின்னுக்கு 12 சென்ட். ஆனால் அந்தப் பணம் நகரத்தின் பொதுக் கணக்கில் போய்ச் சேருகிறது. எதற்குச் செலவிடலாம் என்று ஆலோசனைக் குழு சொல்லலாம், முடிவு நகர மன்றத்தின் கையில். கேட்க ஆள் இல்லையென்றால் வேறு செலவில் கரைந்துவிடும்.

நாங்கள் கேட்கப்போவது பெரிதாக ஒன்றுமில்லை: குடிநீர்க் குழாய், வாரம் ஒரு காய்கறிப் பை, அம்மாக்களோடு சேர்ந்து ஒரு சமையல் வகுப்பு. அவர்கள் வீட்டு பீன்ஸும் சோளத் தோசையும் நல்ல சாப்பாடுதான், அதை மாற்றச் சொல்லவே மாட்டோம்.

நகர மானியத்துக்கு விண்ணப்பம் எழுதிய அனுபவம் இங்கே யாருக்காவது உண்டா? பட்ஜெட் தாளைப் படித்துச் சொல்ல ஒருவர், ஸ்பானிஷ் பேசத் தெரிந்த ஒருவர் கிடைத்தாலும் போதும். அப்புறம், மன்றக் கூட்டத்தில் பேச அந்த அம்மாவே வருகிறேன் என்றிருக்கிறார். அவர் பக்கத்தில் நிற்க யார் வருகிறீர்கள்?