‘விஷமம் உண்டோ?’ என்று கேட்டார்கள், எல்லாப் பிள்ளைகளும் இல்லை என்றார்கள்

கொழிஞ்சாம்பாறை டீச்சர்:

பள்ளிக்கூடத்தில் நடக்கும் மனநல வகுப்பு, வாழ்க்கைத் திறன் வகுப்பு பற்றி அவரவர் பார்த்ததை எழுதச் சொல்லியிருந்தீர்கள். நான் ஒரே ஒரு சொல்லிலிருந்து தொடங்குகிறேன்.

பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில் யு.பி. பிரிவுக்கு (அப்பர் பிரைமரி, 5 முதல் 7 வரை) தமிழ் மீடியம் எடுக்கிறேன். பள்ளியின் பெயர் வேண்டாம். பிள்ளைகள் வேலந்தாவளம், எருத்தேம்பதிப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள். பாதிப் பேருக்கு அப்பா தென்னந்தோப்பில் கள் இறக்குகிறார், மீதிப் பேருக்கு வயல்காட்டு வேலை. வீட்டில் கோயமுத்தூர்த் தமிழ். கடையிலும் பஸ்ஸிலும் மலையாளம் சரளமாக வரும். அதனால் பிள்ளைகளுக்கு மலையாளம் தெரியும் என்றே நாங்கள் எல்லாரும் நினைத்திருந்தோம்.

சில வருஷம் முன்னால் வாரம் ஒரு நாள் எங்களுக்கு ஒரு கவுன்சிலர் டீச்சர் வந்தார். சின்ன வயசு, பிள்ளைகள் மேல் உண்மையான பிரியம். ஏழாம் வகுப்பில் ஒரு மணி நேரம் பேசிவிட்டு, ஒவ்வொருத்தராகக் கூப்பிட்டு, “மோனே, எந்தெங்கிலும் விஷமம் உண்டோ?” என்று கேட்டார். மலையாளத்தில் விஷமம் என்றால் மனக்கஷ்டம். நம் பிள்ளைக்கு விஷமம் என்றால் குறும்பு, சேட்டை. “இல்ல டீச்சர், நான் ஒண்ணும் பண்ணலைங்க” என்று வரிசையாகச் சொல்லிவிட்டு வந்தார்கள். பயத்துக்கு மலையாளச் சொல் பேடி. நமக்கு அது வசவு. “பேடி உண்டோ?” என்றதும் பின் பெஞ்சுப் பையன் ஒருத்தனுக்கு முகமே மாறிவிட்டது. 12 வயசுப் பையனிடம் நம்ம ஊரில் அந்தச் சொல்லைச் சொன்னால் கைகலப்புதான். சிலருக்கு மலையாள அர்த்தம் தெரியும், தெரியாது என்று சொல்லமாட்டேன். ஆனால் காதில் விழுந்ததும் மனசு முதலில் போய் நிற்கிற இடம் தாய்மொழி அர்த்தம்தான்.

அந்த வருஷ அறிக்கையில் தமிழ் டிவிஷனில் பிரச்சினை உள்ள குழந்தைகள் இல்லை என்று போயிற்று. நானும் சந்தோஷப்பட்டேன், அதைத்தான் இன்றும் நினைத்து வருந்துகிறேன். ஏனென்றால் அதே வகுப்பில் ஒரு பையன் ஓணம் லீவு முடிந்து வந்ததிலிருந்து மத்தியானச் சோற்றைத் தொடவில்லை. அவன் அம்மா திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டார். அப்பாவுக்குக் குடி. வீட்டில் இருந்தது அவனும் பாட்டியும். “இல்ல டீச்சர்” என்று சொன்னவர்களில் அவனும் ஒருத்தன்.

அடுத்த வாரம் நானே மொழிபெயர்க்க உட்கார்ந்தேன். அது இன்னும் மோசம். அவன் என்னைப் பார்த்தான், கவுன்சிலரைப் பார்த்தான், தலையைக் குனிந்துகொண்டான். மார்க் போடுகிறவள் நான், ரேங்க் கார்டில் கையெழுத்துக்கு அப்பனைக் கூப்பிடுகிறவளும் நான். என் முன்னால் அவன் எப்படி வாயைத் திறப்பான்? பத்து நிமிஷம் கழித்துத்தான் அது எனக்கு உறைத்தது. எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

பிறகு கவுன்சிலர் டீச்சர் ஒரு காரியம் செய்தார். பிள்ளைகளிடமே போய், “எனக்குத் தமிழ் சொல்லிக் கொடுங்க” என்று ஒரு நோட்டை நீட்டினார். வருத்தமாக இருந்தால் உங்க வீட்டில் என்ன சொல்வீங்க? ‘வெசனமா இருக்குது’. எதிர்பார்த்தது நடக்காவிட்டால்? ‘பொக்குனு போயிருச்சு’. யாரையாவது பார்க்கணும்போல இருந்தால்? ‘ஏக்கமா இருக்குது’. அரை மணி நேரம் வகுப்பே கலகலவென்று ஆகிவிட்டது. அவர் தப்பாகச் சொல்லச் சொல்ல, பிள்ளைகள் திருத்தினார்கள். பெரியவர் ஒருவர் தங்களிடம் கற்றுக்கொள்கிறார் என்பதிலேயே அவர்கள் பாதி இளகிவிட்டார்கள். அப்புறம் ஒரு அட்டைப் பெட்டி வைத்தார். பெயர் எழுதலாம், எழுதாமலும் விடலாம், தமிழிலேயே எழுதலாம், சாவி அவரிடம் மட்டும். மூன்றாம் வாரம் அந்தப் பையன் பெயரோடு எழுதிப் போட்டிருந்தான். என்ன எழுதினான் என்று நான் கேட்கவில்லை. அதற்கடுத்த வாரம் சோறு சாப்பிட்டான். அது போதும் எனக்கு.

நகரி வாத்தியார்:

டீச்சர், உங்களுது கேரளச் சித்தூர், நம்மளுது ஆந்திரச் சித்தூர். பேர் ஒண்ணு, கஷ்டமும் ஒண்ணுதான் போல.

2020 பிப்ரவரியில ஆயுஷ்மான் பாரத் பள்ளி நலத் திட்டம் வந்தப்ப, பள்ளிக்கு ரெண்டு ஆசிரியரை ‘ஹெல்த் அண்ட் வெல்னஸ் அம்பாசடர்’னு போட்டாங்க. நான் அதுல ஒருத்தன். மொத்தம் 11 தலைப்பு. மனநலம், உறவுகள், சத்துணவு, போதைப் பொருள், இன்டர்நெட்டைப் பத்திரமா பயன்படுத்துறது, எல்லாம் அதுல இருக்கு. தலைப்புல குறை சொல்ல ஒண்ணுமில்ல. எங்க பசங்க தமிழ் மீடியம், பயிற்சியும் கையேடும் எனக்குக் கிடைச்சது தெலுங்குல. ராத்திரி உக்காந்து தமிழ்ல எழுதிக்கிட்டுத்தான் போவேன்.

இந்த வேலையில நான் கத்துக்கிட்ட பெரிய விஷயம் வேற. எங்க ஏரியா பூரா விசைத்தறி. வீட்டுக்குள்ளயே தறி ஓடும், பக்கத்துல இருக்கிறவங்ககிட்டயும் கத்தித்தான் பேசணும். வகுப்புல கத்துற பசங்களை நான் பல வருஷமா முரடனுங்கன்னு நினைச்சு அடக்கிக்கிட்டிருந்தேன். ‘கோபம் வந்தா என்ன பண்ணுவே’ன்னு ஒரு பாடம் எடுத்தப்ப ஒரு பொண்ணு எழுந்து, “சார், எங்க வீட்டுல மெதுவா பேசினா யாருக்கும் கேக்காது”ன்னா. அன்னைலேருந்து அந்த வகுப்பை வேப்ப மரத்தடியில வைக்கிறேன். முதல் பத்து நிமிஷம் யாரும் பேசக் கூடாது. நிசப்தமே அந்தப் பிள்ளைங்களுக்குப் புதுசு. முதல் நாள் ரெண்டு பேர் தூங்கிட்டாங்க. எழுப்பல நான்.

மார்க் போடுறவர் முன்னால வாய் திறக்காதுன்னீங்களே, அதைப் படிச்சதும் எனக்குச் சுருக்குன்னுது. பீகார் நாளந்தா மாவட்டத்துல 74 அரசுப் பள்ளிங்களை வச்சு மனநலத் திட்டத்தை ரெண்டு விதமா நடத்திப் பாத்திருக்காங்க, 2018ல லான்செட் மருத்துவ இதழ்ல வந்தது. பயிற்சி கொடுத்த வெளியாள் ஒருத்தர் நடத்தின பள்ளிங்கள்ல ஒம்பதாம் வகுப்புப் பிள்ளைங்ககிட்ட மனச்சோர்வு, கேலி, மிரட்டல், அடிதடி எல்லாம் குறைஞ்சது. அதையே பள்ளி ஆசிரியர் நடத்தின இடத்துல பலனே தெரியல. வெளியாளும் மனநல டாக்டர் இல்ல, சாதாரண ஆள்தான். அங்கயும் உங்க மாதிரியே ஒரு பெட்டி இருந்தது. ஆசிரியன்கிற முறையில அதைப் படிக்கக் கஷ்டமாத்தான் இருந்தது. ஆனா உண்மை. ஒரு கையில பிரம்பு, இன்னொரு கையில ‘மனசைத் திற’ன்னு சொன்னா யார் நம்புவாங்க?

வண்டிப்பெரியாறு அம்மா:

நான் இடுக்கிப் பக்கம் எஸ்டேட்ல தேயிலைக் கொழுந்து எடுக்கிறவ. எம்மக எட்டாவது. அவ ஸ்கூல்ல போதைக்கு எதிரா ஒரு கிளாஸ் வச்சாங்க. வந்தவங்க போதைப் பொருள் பேர் எல்லாம் சொல்லி, படம் போட்டுக் காட்டி, சாப்பிட்டா செத்துப்போவீங்கன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. ராத்திரி எம்மக அந்தப் பேரையெல்லாம் எங்கிட்ட ஒப்பிக்கிறா. எனக்கே தெரியாத பேரு. எனக்கு அடிவயிறு கலங்கிருச்சு. பயமுறுத்துறது மட்டும் பத்தாதுங்க. கூடப் படிக்கிறவன் ஒருத்தன் நீட்டுறப்ப, சிநேகிதமும் கெடாம, வாங்காமலும் எப்படி வரதுன்னு யாராச்சும் சொல்லித் தரணும். அதை எங்க லயத்துல, அதான் எஸ்டேட் வரிசை வீட்டுல, இருக்கிற ஒரு அக்காதான் செஞ்சா. டிகிரி முடிச்சுட்டு வேலை தேடிக்கிட்டிருக்கிற பொண்ணு. சாயங்காலம் பிள்ளைகளை உக்கார வச்சு நாடகம் மாதிரி நடிக்க விடுவா. ஒருத்தி நீட்டணும், ஒருத்தி மறுக்கணும். எம்மக மூணு தடவை மறுக்கத் தெரியாம முழிச்சா, நாலாவது தடவை, “எங்கம்மா வாயை மோந்து பாக்கும்டீ”ன்னு சொல்லித் தப்பிச்சா. என்னையச் சாக்குச் சொல்லட்டும், எவ்வளவு வேணாலும் சொல்லட்டும்.

முன்னாள் கேடட், தேவிகுளம்:

ஸ்டூடன்ட் போலீஸ் கேடட், அதான் பள்ளிப் பிள்ளைகளுக்குப் போலீஸ் கொடுக்கிற பயிற்சி, அதைப் பத்தி யாரும் சொல்லலையேன்னு எழுதுறேன். கேரளாவுல 2010 ஆகஸ்ட்ல 127 பள்ளிகள்ல தொடங்கினது. நான் எட்டாவது, ஒம்பதாவதுல இருந்தேன். தமிழ்ப் பொண்ணுன்னு ஒதுங்கி நின்ன எனக்கு, காக்கிச் சட்டை போட்டுப் பரேடுல நின்னப்பதான் முதுகு நிமிந்துச்சு. அது பொய்யில்ல. ஆனா ஓட்டம், பரீட்சை வச்சுக் கொஞ்சம் பேரைத்தான் எடுப்பாங்க. எங்கூட ஒரே பெஞ்சுல இருந்தவளுக்குக் கிடைக்கல. அவளுக்கு மூச்சு இளைப்பு, ஓட முடியாது. அன்னைலேருந்து எங்கிட்ட பேச்சைக் குறைச்சுக்கிட்டா. உடம்பும் மனசும் திடமா இருக்கிறவங்களுக்கே எல்லாத்தையும் கொடுத்துட்டு, தேவைப்படுறவங்களை வெளியே நிறுத்திட்டோமோன்னு இப்ப நர்சிங் படிக்கிறப்பதான் தோணுது.

இன்னொண்ணு. ராத்திரி மனசு தாங்கலைன்னா 14416க்குக் கூப்பிடலாம், டெலி மானஸ்னு அரசாங்கத்தோட மனநல உதவி எண். 2022 அக்டோபர்லேருந்து இருக்கு, காசு இல்லை. மொழியைத் தேர்ந்தெடுக்கலாம், தமிழும் உண்டு. நம்மள மாதிரி எல்லையில இருக்கிறவங்களுக்கு அதுதான் முக்கியம். குழந்தைங்களுக்கு ஆபத்துன்னா 1098, குழந்தைகள் உதவி எண்.

நகரி வாத்தியார்:

டீச்சர், உங்க நோட்டுல எங்க ஊர் வார்த்தையும் ஒண்ணு சேத்துக்குங்க. ‘மனசு பேஜாரா கீது’. தெலுங்குலயும் பேஜாருதான், அதனால ரெண்டு பக்கமும் செல்லும்.

கொழிஞ்சாம்பாறை டீச்சர்:

சேர்த்துவிடுகிறேன் சார். நோட்டு இப்போது என்னிடம் இல்லை. கவுன்சிலர் டீச்சர் வேறு பள்ளிக்கு மாற்றலாகிப் போகும்போது கையோடு கொண்டுபோய்விட்டார். அங்கேயும் தமிழ்ப் பிள்ளைகள் இருக்கிறார்களாம். பேஜாரை இப்போதுதான் அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். ‘இதெனிக்கு அறியாம்’, அதாவது இது எனக்குத் தெரியும் என்று பதில் வந்திருக்கிறது. மலையாளத்திலும் உண்டாம்.