விலையைச் சொன்னதும் படபடப்பு: விற்பனைப் பணியில் முதல் மாதங்களைக் கடப்பது எப்படி?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். நிறுவனங்களுக்குக் கணக்கியல் மென்பொருள் விற்கும் ஓர் இடத்தில் விற்பனைப் பிரதிநிதியாகச் சேர்ந்து எனக்கு ஏழு வாரங்கள் ஆகின்றன. படிப்பு முடிந்ததும் கிடைத்த முதல் வேலை இதுதான். பொருளைப் பற்றி எனக்கு நன்றாகவே தெரியும். பயிற்சியின்போது சக பணியாளர் ஒருவர் வாடிக்கையாளராக நடிக்க, நான் தடுமாறாமல் விளக்கியிருக்கிறேன். உண்மையான வாடிக்கையாளர் எதிரே அமர்ந்தாலோ, தொலைபேசியில் மறுமுனையில் குரல் கேட்டாலோதான் நா வறண்டு, கற்றதெல்லாம் மறந்துபோகிறது.

காலையில் அழைக்க வேண்டிய எண்களின் பட்டியல் மேசையில் இருக்கும். முதல் எண்ணை அழுத்துவதற்குள், அந்த நிறுவனத்தின் இணையப் பக்கத்தை இன்னொரு முறை படித்துவிடலாம், நேற்றைய மின்னஞ்சல்களுக்குப் பதில் எழுதிவிடலாம் என்று வேறு வேலை ஏதாவது அகப்பட்டுவிடுகிறது. நிமிர்ந்து பார்த்தால் மணி பதினொன்றாகியிருக்கும்.

சென்ற வாரம் நடந்ததுதான் என்னை இங்கே எழுத வைத்தது. முதன்முறையாகத் தனியாக ஒரு வாடிக்கையாளரைச் சந்தித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டார், குறிப்பெடுத்தார், கடைசியில் விலை என்ன என்றார். விலைப்புள்ளித் தாளை நீட்டினேன். என் கையிலிருந்தபோது அது நடுங்கியதை அவர் பார்த்திருப்பார் என்றே நினைக்கிறேன். தொகையையும் வாயால் சொன்னேன். அவர் தாளைப் பார்த்தபடி ஒன்றும் பேசாமல் இருந்தார். ஐந்து வினாடிகூட ஆகியிருக்காது. அந்த அமைதியைத் தாங்க முடியாமல், "பத்து விழுக்காடு குறைத்துக்கொள்ளலாம்" என்று சொல்லிவிட்டேன். அவர் தலையை நிமிர்த்தி, "அப்படியா?" என்று கேட்டுவிட்டு, "பதினைந்தாக ஆக்க முடியுமா?" என்றார். திரும்பி வந்து மேலாளரிடம் சொன்னபோது அவர் கடிந்துகொள்ளவில்லை. "குறைக்கச் சொல்லி அவர் கேட்டாரா?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்வி இன்னும் மனத்தில் நிற்கிறது.

இந்தப் பதற்றம் போகப்போகக் குறையுமா, அல்லது இந்தத் தொழிலுக்கு நான் பொருத்தமில்லையா? சந்திப்புக்கு முன் போட்டுக்கொண்டால் இதயத் துடிப்பு அடங்கும் என்று சக பணியாளர் ஒருவர் ஒரு மாத்திரை அட்டையைக் கொடுத்திருக்கிறார். அதை எடுத்துக்கொள்ளலாமா? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையேன்.

பதில் 1 (விற்பனையில் இருபது ஆண்டுகளுக்கு மேல்; இப்போது புதியவர்களைப் பயிற்றுவிப்பவர்)

வணக்கம். பொருத்தமில்லையோ என்ற கேள்வியை இப்போதைக்கு ஒதுக்கிவையுங்கள். ஏழு வாரங்களில் அதற்கு யாராலும் விடை சொல்ல முடியாது. அந்த ஐந்து வினாடிகளைப் பற்றிப் பேசலாம். உங்கள் கேள்வியின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

விலையைக் கேட்டதும் வாடிக்கையாளர் ஏன் பேசாமல் இருக்கிறார்? பெரும்பாலும் அவர் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார். ஒதுக்கப்பட்ட தொகைக்குள் இது அடங்குமா, இப்போது பயன்படுத்துவதற்கு எவ்வளவு கொடுக்கிறோம், யாரிடம் ஒப்புதல் வாங்க வேண்டும் என்று பல கேள்விகள் அவர் மனத்தில் ஓடுகின்றன. அந்த அமைதி அவருடைய வேலை நேரம். நீங்களோ அதை உங்களைப் பற்றிய தீர்ப்பாக எடுத்துக்கொண்டு, தீர்ப்பு வருவதற்கு முன்பே அபராதத்தைக் கட்டிவிட்டீர்கள். என்னிடம் பயிற்சிக்கு வரும் பலரும் இதே இடத்தில்தான் இடறுகிறார்கள், நானும் இடறியிருக்கிறேன்.

இதற்கு நான் கற்றுக்கொடுப்பது மிக எளிய காரியம். விலையை உரக்கச் சொல்லிப் பழகுங்கள். பொருளின் சிறப்புகளை நூறு முறை சொல்லிப் பார்த்திருப்பீர்கள். தொகையைச் சொல்லும் வாக்கியத்தை ஒரு முறையாவது தனியாகச் சொல்லிப் பார்த்தீர்களா? "ஓராண்டுக்கு இவ்வளவு, நிறுவுதலும் பயிற்சியும் இதில் அடக்கம்" என்று சொல்லி, வாயை மூடிக்கொண்டு, எதிரே அமர்ந்திருக்கும் நண்பர் முதலில் பேசும் வரை காத்திருங்கள். முதல் நாள் அது மூச்சுமுட்டுவதுபோல் இருக்கும். இருபதாவது முறை சொல்லும்போது, அது மற்ற வாக்கியங்களைப் போல ஒரு வாக்கியம் ஆகிவிடும். தாளைக் கையில் பிடித்து நீட்டாமல், மேசையில் அவர் பக்கமாக வைத்துவிட்டுக் கையை எடுத்துக்கொள்ளுங்கள். நடுங்குவதற்குத் தாள் இருக்காது.

தள்ளுபடியைப் பொறுத்தவரை, எவ்வளவு வரை இறங்கலாம், அதற்கு ஈடாக எதைக் கேட்கலாம் என்பதை உள்ளே நுழைவதற்கு முன்பே மேலாளருடன் பேசி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு ஆண்டு ஒப்பந்தமாக இருந்தால் இவ்வளவு, முன்பணமாகச் செலுத்தினால் இவ்வளவு என்று இருக்கட்டும். "இன்னது நடந்தால் இன்னது செய்வேன்" என்று முன்கூட்டியே வகுத்துக்கொண்டவர்கள், வெறுமனே தீர்மானம் எடுத்தவர்களைவிட அதிகமாகச் செய்து முடிக்கிறார்கள் என்பதை உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1999இல் வெளியிட்ட கட்டுரையில் விளக்கியிருக்கிறார். உங்களுக்கான வரி இது: "அவர் பேசாமல் இருந்தால், நான் என் குறிப்பேட்டைப் பார்ப்பேன்."

காலை அழைப்புகளுக்கு ஒரே விதிதான். மின்னஞ்சலைத் திறப்பதற்கு முன் முதல் அழைப்பைச் செய்துவிடுங்கள். விற்பனை உங்கள் கையில் இல்லை, அழைப்பு உங்கள் கையில் இருக்கிறது. ஆகவே நாளின் முடிவில் அழைப்புகளை மட்டும் எண்ணிப் பாருங்கள்.

பதில் 2 (ஒரு நிறுவனத்தின் கொள்முதல் பிரிவில் பணிபுரிபவர்)

நான் மேசையின் மறுபக்கத்தில் அமர்பவன். வாரத்தில் பல பிரதிநிதிகளைச் சந்திக்கிறேன். அங்கிருந்து பார்த்தால் எப்படித் தெரிகிறது என்பதைச் சொல்வது உங்களுக்குப் பயன்படும் என்று நினைக்கிறேன்.

உங்கள் கை நடுங்கியதை அவர் கவனித்திருக்க மாட்டார் என்பதே என் எண்ணம். கவனித்திருந்தாலும் அறையை விட்டு வெளியே வருவதற்குள் மறந்திருப்பார். நம் உள்ளத்தில் நடப்பது வெளியே அப்படியே தெரிகிறது என்று நாம் மிகையாக நம்புகிறோம். தாமஸ் கிலோவிச்சும் கென்னத் சவிட்ஸ்கியும் 2003இல் வெளியிட்ட ஆய்வில், மேடையில் பேசப் போகும் மாணவர்களில் ஒரு பகுதியினருக்கு, உங்கள் பதற்றம் நீங்கள் நினைக்கும் அளவுக்குக் கேட்பவர்களுக்குத் தெரியாது என்று முன்கூட்டியே விளக்கினார்கள். அதைத் தெரிந்துகொண்டவர்களின் பேச்சு, கேட்டவர்களின் மதிப்பீட்டிலேயே மேம்பட்டிருந்தது. பதற்றம் தெரிந்துவிடுமோ என்ற பதற்றம் கழிந்ததே அதற்குக் காரணம்.

நான் எதைக் கவனிக்கிறேன் என்றும் சொல்லிவிடுகிறேன். நான் ஒரு கேள்வியை முடிப்பதற்குள் பதில் வருவதைக் கவனிக்கிறேன். மூச்சுவிடாமல் பேசுவதைக் கவனிக்கிறேன். எல்லாவற்றுக்கும் மேலாக, கேட்காமலேயே விலை இறங்குவதைக் கவனிக்கிறேன். அப்போது எனக்கு மகிழ்ச்சி வருவதில்லை, ஐயம்தான் வருகிறது. முதலில் சொன்ன விலை பொய்யா, இன்னும் எவ்வளவு இறங்கும், நான் உடனே ஒப்புக்கொண்டால் என் மேலதிகாரி என்னைக் கேட்க மாட்டாரா என்ற எண்ணங்கள் எழும். உங்கள் வாடிக்கையாளர் பதினைந்து கேட்டதற்கு அவருடைய பேராசை காரணமல்ல. நீங்கள் திறந்து வைத்த கதவை அவர் தள்ளிப் பார்க்காமல் போனால், அவர் தம் வேலையைச் செய்யாதவர் ஆகிவிடுவார்.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இளம்பெண் எங்களிடம் வந்தார். குரல் கம்மியிருந்தது, கழுத்தில் சிவப்புத் திட்டுகள் படர்ந்திருந்தன. பழைய தரவுகளைப் புதிய அமைப்புக்கு மாற்றுவது பற்றி நான் சற்றுக் கடினமான கேள்வி ஒன்றைக் கேட்டேன். அவர் பேனாவை எடுத்து, என் கேள்வியை எழுதிக்கொண்டு, அதை எனக்கே திரும்ப வாசித்துக் காட்டி, "நீங்கள் கேட்பது இதுதானே? இதற்கு எனக்கு இப்போது விடை தெரியாது. நாளை மாலைக்குள் எழுதி அனுப்புகிறேன்" என்றார். மறுநாள் நண்பகலுக்கு முன்பே விடை வந்தது. அந்த நிறுவனத்திடமிருந்து இன்றுவரை வாங்கிக்கொண்டிருக்கிறோம். அவர் பதற்றமாக இருந்தாரே என்று எங்கள் அலுவலகத்தில் ஒருவரும் பேசியதில்லை.

பதில் 3 (மருந்தாளுநர்)

மாத்திரையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். அதைச் சக பணியாளரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நீங்கள் விவரிப்பது பீட்டா தடுப்பான் வகை மருந்தாக இருக்கக்கூடும். புரோப்ரனலால் அவற்றுள் ஒன்று. அது இதயத் துடிப்பைக் குறைக்கும், கை நடுக்கத்தையும் தணிக்கும் என்பது உண்மை. ஆனால் ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது மூச்சுக்குழாய்களைச் சுருக்கி உயிருக்கே ஆபத்தாகலாம். நீரிழிவுக்கு மருந்து எடுப்பவர்களுக்கு, இரத்தச் சர்க்கரை தாழும்போது எச்சரிக்கையாக வரும் படபடப்பை மறைத்துவிடலாம். ஏற்கெனவே இரத்த அழுத்தமோ நாடித் துடிப்போ குறைவாக உள்ளவர்கள் மயங்கி விழக்கூடும். மருத்துவர் உங்களைப் பரிசோதித்து எழுதித் தந்தால் அது மருந்து; மேசை தாண்டி மேசை வந்தால் அதைத் தொடாதீர்கள்.

அதைவிட எளிய ஒன்று உண்டு. சந்திப்புக்குச் சற்று முன் குடிக்கும் காபியை நிறுத்திப் பாருங்கள். உடலில் உள்ள காஃபீனில் பாதி வெளியேறவே ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகும். அட்ரினலின் ஏற்கெனவே இதயத்தை விரட்டிக்கொண்டிருக்கும்போது அதுவும் சேர்ந்துகொள்கிறது. காத்திருக்கும் இடத்தில், உள்ளிழுக்கும் மூச்சைவிட வெளிவிடும் மூச்சை நீளமாக்கி இரண்டு மூன்று நிமிடம் அமருங்கள். வெளிமூச்சின்போது துடிப்பு இயல்பாகவே சற்றுத் தணியும்.

"அமைதியாக இரு" என்று உங்களுக்கு நீங்களே கட்டளையிட வேண்டாம் என்றும் சொல்லுவேன். ஆலிசன் வுட் புரூக்ஸ் 2014இல் வெளியிட்ட ஆய்வில், பாடவும் மேடையில் பேசவும் கணக்குப் போடவும் வேண்டியிருந்தவர்களில், தம் படபடப்பை ஆர்வம் என்று பெயரிட்டு அழைத்தவர்களே, அமைதியாக இருக்க முயன்றவர்களைவிடச் சிறப்பாகச் செய்தார்கள். இரண்டிலும் இதயம் ஒரேபோலத்தான் அடித்துக்கொள்கிறது. தூக்கம் கெட்டு, வேலைக்குப் போவதையே தவிர்க்கத் தோன்றி, அது மாதக்கணக்கில் நீடித்தால், தயங்காமல் மருத்துவரையோ உளவியல் ஆலோசகரையோ பாருங்கள்.

பதில் 4 (இதே பணியில் ஓராண்டு முடித்தவர்)

மேலே எழுதிய மூத்தவரின் ஒரு கருத்தில் மட்டும் எனக்கு மாற்றுக்கருத்து உண்டு. அழைப்புகளை எண்ணும் வழி எனக்குப் பயன்படவில்லை. எண்ணிக்கை ஏற வேண்டும் என்பதற்காக, எடுக்க மாட்டார்கள் என்று தெரிந்த எண்களையே தேடி அழைத்தேன். யாராவது எடுத்துவிட்டால் சீக்கிரம் முடித்துக்கொண்டேன். இரண்டு வாரங்களில் எண்ணிக்கை பெருகியது, பயம் அப்படியே இருந்தது.

பிறகு, ஒவ்வொரு அழைப்பு முடிந்ததும் அவர் சொன்னதை அவருடைய சொற்களிலேயே ஒரு வரி எழுதத் தொடங்கினேன். அதை எழுத வேண்டும் என்பதற்காகவே காதுகொடுத்துக் கேட்க வேண்டியிருந்தது; கேட்கும்போது என் குரல் எப்படி ஒலிக்கிறது என்று நினைக்க நேரம் இருக்கவில்லை. மாதக் கடைசியில் மறுப்புகளை மட்டும் பிரித்துப் பார்த்தேன். "ஒப்பந்தம் இன்னும் ஆறு மாதம் இருக்கிறது", "இதை நான் முடிவு செய்வதில்லை", "இந்த ஆண்டுக்கான தொகை தீர்ந்துவிட்டது", "இப்போது கூட்டத்தில் இருக்கிறேன்". பக்கம் முழுவதும் தேடியும் என்னைப் பற்றி ஒரு வரிகூட அதில் இல்லை. அந்தப் பக்கத்தை இன்றும் வைத்திருக்கிறேன். ஒப்பந்தம் முடியும் தேதியைச் சொன்னவர்களை அந்தந்த மாதத்தில் திரும்ப அழைத்ததில், இருவர் இப்போது என் வாடிக்கையாளர்கள்.

கேட்டவரின் மறுமொழி (பத்து நாட்களுக்குப் பிறகு)

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. மாத்திரை அட்டையை அன்றே திருப்பிக் கொடுத்துவிட்டேன். விலை வாக்கியத்தை வீட்டில் தம்பியை எதிரே உட்காரவைத்துச் சொல்லிப் பழகினேன். வேண்டுமென்றே அவன் நெடுநேரம் பேசாமல் இருந்தான். முதல் மூன்று முறையும் நானே ஏதோ பேசிவிட்டேன்.

பத்து விழுக்காடு பற்றி மேலாளருடன் பேசி முடிவெடுத்தோம். அதே வாடிக்கையாளரை அழைத்து, சொன்ன பத்து விழுக்காட்டில் மாற்றமில்லை என்றும், பதினைந்து வேண்டுமானால் இரண்டு ஆண்டு ஒப்பந்தத்துக்குத்தான் இயலும் என்றும் தெரிவித்தேன். யோசித்துச் சொல்வதாகக் கூறினார். அவர் இன்னும் முடிவு சொல்லவில்லை.

நேற்று வேறோர் இடத்தில் சந்திப்பு. உள்ளே போகும்போது இதயம் வழக்கம்போலவே அடித்துக்கொண்டது. அது குறைந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். தாளை மேசையில் வைத்து, தொகையைச் சொல்லி, குறிப்பேட்டைப் பார்த்தேன். அதில், அவர் சற்று முன் சொன்ன ஒரு வரி இருந்தது: "மாதக் கடைசியில் மூன்று நாள் எங்கள் ஆட்கள் வீட்டுக்கே போவதில்லை." அதையே மீண்டும் மீண்டும் வாசித்துக்கொண்டிருந்தேன். அமைதி எவ்வளவு நேரம் நீடித்தது என்று தெரியவில்லை. கடைசியில் அவர் பேசியபோது விலையைப் பற்றி ஒரு சொல்கூடச் சொல்லவில்லை. ஒரே நேரத்தில் எத்தனை பேர் உள்நுழைந்து வேலை செய்யலாம், கிளை அலுவலகத்தின் பதிவுகள் தனியாக இருக்குமா என்று கேட்டார். முதல் கேள்விக்குப் பதில் சொன்னேன். இரண்டாவதற்கு எனக்கு விடை தெரியவில்லை. எழுதிக்கொண்டு, அவருக்கே வாசித்துக் காட்டி, இன்று மாலைக்குள் அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறேன். தொழில்நுட்பப் பிரிவிலிருந்து விளக்கம் இப்போதுதான் வந்தது. அதை அவருக்குப் புரியும்படி எழுத வேண்டும், ஆகவே இத்துடன் நிறுத்திக்கொள்கிறேன்.