ஊழியத்தின் கடைசி வாரங்கள்: வீட்டில் இருக்கும் நாங்கள் என்ன செய்யலாம்?

கேள்வி: பொங்கோல் அம்மா

வணக்கம். என் மூத்த மகன் சிங்கப்பூரில் கட்டாயத் தேசிய சேவையை முடித்த கையோடு, பிறர் மார்மன் சபை என்று குறிப்பிடும் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையின் முழுநேர ஊழியராகப் பிலிப்பைன்ஸிலுள்ள செபுவுக்குச் சென்றான். இளைஞர்களுக்கு வகுக்கப்பட்ட 24 மாதங்களில் இன்னும் சில வாரங்களே எஞ்சியிருக்கின்றன.

ஊழியர்கள் தங்கள் சொந்த வேலைகளைக் கவனிக்கும் ஆயத்த நாளான திங்கட்கிழமையில் அவன் காணொளி அழைப்பில் எங்களுடன் பேசுவது வழக்கம். முன்பெல்லாம் தான் போதிக்கும் குடும்பங்களைப் பற்றித்தான் பேசுவான்; சாரி-சாரி கடை என்று அங்கே அழைக்கப்படும் சிறு பெட்டிக்கடையை நடத்தும் ஒரு பெண்மணி, சோப்பை எண்ணிக் கொடுத்தபடியே தன் செபுவானோ உச்சரிப்பைத் திருத்துவார் என்பதை நடித்தே காட்டியிருக்கிறான். இப்போதோ ஆகஸ்டில் தொடங்கவிருக்கும் பல்கலைக்கழக வகுப்பு, தங்கையின் தேர்வு, தன் அறையில் இப்போது யார் படுக்கிறார்கள் என்பவற்றைச் சுற்றியே பேச்சு போகிறது. சென்ற வாரம், "காலையில் கழுத்துப்பட்டை கட்டும்போதே, இன்று ஒருவரும் நம்மை உள்ளே அழைக்கப் போவதில்லை என்று தோன்றிவிடுகிறது, அம்மா" என்றான். சொன்னதற்காக உடனே வருந்தவும் செய்தான்.

எங்கள் உறவினர்களில் பெரும்பாலோர் இந்துக்கள். என் மாமியார் தினசரி நாள்காட்டியின் தாளைக் கிழிக்கும்போதெல்லாம், பேரன் வர எத்தனை நாள் என்று எண்ணிச் சொல்கிறார். அழைப்பிலும் அதையே சொல்கிறார். அவரைத் தடுக்க எனக்கு மனம் வரவில்லை. மகன் இறுதிவரை ஊக்கத்துடன் ஊழியம் செய்ய, வீட்டிலிருந்து நாங்கள் எவ்வாறு உதவலாம்?

பதில் 1: தெம்பனிஸ் தந்தை

அம்மா, நான் தொண்ணூறுகளில் ஊழியம் செய்தவன். இப்போது ஓர் ஊழியருக்குத் தந்தையும்கூட. எங்கள் காலத்தில் ஆண்டுக்கு இரண்டே முறைதான், அன்னையர் தினத்திலும் கிறிஸ்துமஸிலும், வீட்டுக்குத் தொலைபேசியில் பேசலாம். மற்றபடி கடிதம்தான். 2019 பிப்ரவரியில்தான் வாரந்தோறும் பேச அனுமதி கிடைத்தது. அந்தப் பழைய கட்டுப்பாடே மேலானது என்று வாதாட நான் வரவில்லை. எத்தனையோ பிள்ளைகள் மனம் தளராமல் இருப்பதற்கு இந்த அழைப்பு காரணமாக இருக்கிறது. ஆனால், வாரத்துக்கு ஒருமுறை வீட்டுக் கூடமே அவர்களின் கைப்பேசிக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிறது என்பதைப் பெற்றோராகிய நாம் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

ஆகவே அழைப்பின் முதல் பாதியை அவனுடைய ஊழியத்துக்கென்றே ஒதுக்கிவிடுங்கள். "எப்படி இருக்கிறாய்?" என்று பொதுவாகக் கேட்டால் "நன்றாக இருக்கிறேன்" என்று பொதுவாகத்தான் விடை வரும். அந்தப் பெட்டிக்கடைப் பெண்மணி சென்ற ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு வந்தாரா, அவருடைய பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள் என்று ஆளைக் குறித்துக் கேளுங்கள். ஆளின் பெயர் வாயில் வந்துவிட்டால் அக்கறையும் திரும்பிவிடும். என் மகனிடம் நான் கண்டது இது. பாட்டியையும் தடுக்க வேண்டாம். எத்தனை நாள் என்று எண்ணுவதற்குப் பதிலாக, இன்று யாருக்காக நான் சாமியிடம் வேண்டிக்கொள்ளட்டும் என்று பேரனிடம் கேட்கச் சொல்லுங்கள். அவர் எந்தக் கோவிலில் வேண்டிக்கொண்டாலும் பேரனுக்கு அது புரியும்.

பதில் 2: முன்னாள் ஊழியச் சகோதரி, உட்லண்ட்ஸ்

மேலே எழுதிய ஐயாவின் யோசனை நல்லதே. ஆயினும், வீட்டைப் பற்றிப் பேசுவதையே ஒரு குறையாகக் கருதுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. பெண்களுக்குரிய 18 மாத ஊழியத்தைச் செய்து திரும்பியவள் என்ற முறையில் சொல்கிறேன், அக்கா: கடைசி வாரங்களில் கால்கள் தயங்குவதற்குச் சோம்பலோ வீட்டு ஆசையோ காரணம் என்று எல்லாரும் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். ஊழியர்களே ஒருவரையொருவர் 'ட்ரங்கி' (மனத்தளவில் பெட்டி கட்டிவிட்டவர்) என்று கேலி செய்துகொள்வார்கள். என்னுடன் ஊழியம் செய்தவர்களிடமும் என்னிடமும் நான் பார்த்தது பெரும்பாலும் அச்சம். காலை ஆறரைக்கு எழுந்து, வேதம் படித்து, துணை ஊழியரை விட்டு ஒரு கணமும் பிரியாமல், இரவு பத்தரைக்குப் படுக்கும் வரை என்ன செய்ய வேண்டும் என்பது தெளிவாக இருந்த ஒரு வாழ்க்கை, விமானம் தரையிறங்கியதும் முடிந்துவிடுகிறது. அதற்குப் பின் நான் யார் என்ற கேள்விக்கு விடை தெரியாதபோது, இன்றைய வேலையிலும் மனம் ஒட்டாது.

அந்த அச்சத்தைக் குறைப்பது உங்கள் கையில் இருக்கிறது. பல்கலைக்கழகப் படிவம், கட்டணம், அறை ஆகியவற்றில் அவனைக் கேட்காமலே முடிக்கக்கூடியவற்றை முடித்துவிட்டு, "இது முடிந்தது, நீ வந்து பார்த்துக்கொள்" என்று ஒரே வரியில் சொல்லிவிடுங்கள். அவனே முடிவெடுக்க வேண்டியவை இருந்தால் ஓர் ஆயத்த நாளில் சேர்த்துப் பேசித் தீர்த்துவிடுங்கள். நாளுக்கொன்றாக மின்னஞ்சலில் அனுப்பாதீர்கள். எதிர்காலக் கல்வியையும் வேலையையும் முன்கூட்டியே சிந்திப்பதற்காகச் சபையே ஊழியர்களுக்கு 'எனது திட்டம்' என்ற பயிற்சியை வைத்திருக்கிறது. எனவே அதைப் பற்றி நினைப்பது பாவமன்று என்பதையும் அவனிடம் சொல்லுங்கள். (அத்தைமார் யாராவது பெண் பார்க்கும் பேச்சைத் தொடங்கியிருந்தால், அதை மட்டும் தயவுசெய்து ஒத்திப் போடுங்கள். அனுபவத்தில் சொல்கிறேன்.)

ஊழியத்துக்குள் அவன் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. ஆறு வாரத்துக்கு ஒருமுறை இடமாற்றம் நடப்பதால், அவன் இடத்துக்கு இன்னொருவர் வரத்தான் போகிறார். தான் போதித்து வந்த ஒவ்வொருவரைப் பற்றியும் வருபவருக்குப் பயன்படும்படி எழுதி வைக்கச் சொல்லுங்கள்: எந்த நேரத்தில் போனால் வீட்டில் இருப்பார், எந்தக் கேள்வியில் தயங்கி நிற்கிறார், கணவரின் முன்னிலையில் எதைப் பேசக் கூடாது, எந்தச் சந்தில் நாய் கட்டாமல் திரிகிறது. நான் இவ்வாறு எழுத உட்கார்ந்தபோது, பல வீடுகளுக்கு நீண்ட நாளாகப் போகவே இல்லை என்பது தெரிந்தது. எழுதுவதற்காகவே மீண்டும் போனேன். கடைசி இடமாற்றக் காலம் அந்த வீடுகளிலேயே நிறைந்துவிட்டது. ஒருவரும் உள்ளே அழைக்கப் போவதில்லை என்று தோன்றும் காலையில், ஏற்கெனவே அழைத்தவர்களின் வாசலிலிருந்து தொடங்குவது எளிது.

இன்னொன்று: உறக்கமின்மை, பசியின்மை, அழுகை போன்றவை இருந்தால் அதை ஊக்கக் குறைவு என்று எண்ணிக் கடந்துவிடக் கூடாது. அங்குள்ள ஊழியர்களுக்குப் பொறுப்பான மிஷன் தலைவரிடம் உடனே சொல்ல வேண்டும்.

பதில் 3: ஈசூன் வாசகர்

நான் உங்கள் சபையைச் சேர்ந்தவன் அல்லன். இரண்டு மகன்களைத் தேசிய சேவைக்கு அனுப்பிய தகப்பன் என்ற உரிமையில் ஒரு வார்த்தை. ஓ.ஆர்.டி. எனப்படும் சேவை முடியும் நாள் நெருங்கும்போது முகாமில் யாருக்கும் வேலை ஓடாது. எஞ்சிய விடுப்பை எடுத்துக்கொண்டு பாதிப் பேர் வீட்டில்தான் இருப்பார்கள். உங்கள் மகன் அந்த மனநிலையை ஏற்கெனவே ஒருமுறை கடந்து வந்தவன். ஆனால் இங்கே சேர்த்து வைத்து எடுக்க விடுப்பு ஏதும் இல்லை என்று நினைக்கிறேன். அப்படியானால் அவன் களைத்திருப்பதில் வியப்பில்லை. கொஞ்சம் களைக்கட்டுமே.

பொங்கோல் அம்மா:

மூவருக்கும் நன்றி. படிவ வேலைகளை என் கணவர் இந்த வாரமே முடித்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார். இடத்தைப் பற்றி எழுதி வைக்கும் யோசனையைத் திங்கட்கிழமை மகனிடம் சொல்கிறேன்; நாய் திரியும் சந்து பற்றிக் கேட்டால் சிரிப்பான். மாமியார் தம் பங்குக்கு, பெட்டிக்கடைப் பெண்மணியின் பெயரை ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லிவிட்டார்.

ஒரே ஓர் ஐயம். அவன் வந்திறங்கும் மாலையே சிராங்கூன் சாலையில் ஓர் உணவகத்தில் உறவினர் அனைவரையும் கூட்ட என் நாத்தனார் ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறார். அதில் தடை ஏதும் உண்டா?

தெம்பனிஸ் தந்தை:

சாங்கியில் வந்து இறங்கிவிட்டாலும், நம் வட்டாரச் சபைகளுக்குப் பொறுப்பான ஸ்டேக் தலைவரைச் சந்தித்து அவர் முறைப்படி விடுவிக்கும் வரை உங்கள் மகன் ஊழியர்தான். ஊழியருக்குரிய நெறிகளும் அதுவரை அவனுக்குப் பொருந்தும். ஆகவே தலைவரிடம் இப்போதே பேசி, வந்திறங்கும் அன்றே சந்திக்க நேரம் வாங்கிவிடுங்கள். மாலையில் அவருக்கு நேரமில்லை என்றால் விருந்தை மறுநாளைக்கு மாற்றுவதே நல்லது. நாத்தனாரிடம் அதை நீங்கள் சொல்வதைவிட உங்கள் கணவர் சொல்வது சுலபமாக இருக்கும்.