முருகனை உள்ளே விடுங்கள்
(குடியிருப்போர் சங்கக் குழு, சென்னை, ஏப்ரல் 2020)

*கீதா 2பி, காலை 7:20:* செயலாளர் சார், முருகனை செக்யூரிட்டி உள்ளே விடவில்லை. கேட்டிலேயே நிற்கிறார்.

*செயலாளர் நடராஜன்:* வணக்கம் மேடம். கொரோனா ஊரடங்கு முடியும்வரை வீட்டு வேலைக்கு யாரும் வரக்கூடாது என்று கமிட்டியில் பேசி வைத்திருக்கிறோம். எல்லோருக்கும் ஒரே விதிதான். தப்பாக நினைக்க வேண்டாம்.

*கீதா 2பி:* அவர் வீட்டு வேலைக்கு வரவில்லை சார், என் கணவர் சேகரைப் பார்த்துக்கொள்ள வருகிறார். சேகருக்குக் கழுத்துக்குக் கீழே அசைவில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். யூரின் டியூப் மடங்கி அடைத்துக்கொண்டால் பிரஷர் தாறுமாறாக ஏறும், உயிருக்கே ஆபத்து. நேற்று முழுக்க நான் ஒருத்தியாகத்தான் புரட்டினேன், சரியாக முடியவில்லை. இன்று பார்த்தால் இடுப்புக்குக் கீழே ஒரு ரூபாய் அகலத்துக்குச் சிவந்திருக்கிறது. விரலால் அழுத்தினாலும் வெளுக்கவில்லை. படுக்கைப் புண் இப்படித்தான் ஆரம்பிக்கும்.

*ரமேஷ் 4ஏ:* கஷ்டம்தான் மேடம். ஆனால் எங்கள் வீட்டில் 80 வயது அம்மா இருக்கிறார். வெளியிலிருந்து தினமும் ஒருவர் வந்து போனால் பயமாக இருக்காதா?

*ஃபாத்திமா 1சி:* பயம் நியாயம்தான் தம்பி. ஆனால் புண் சீழ் வைத்தால் சேகர் அண்ணனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். இந்த நேரத்தில் அதைவிட ஆபத்து என்ன இருக்கிறது?
சார், மத்திய அரசின் மாற்றுத்திறனாளிகள் துறை போன மாதமே வழிகாட்டுதல் அனுப்பிவிட்டது. பராமரிப்பாளர்களுக்கு ஊரடங்கிலிருந்து விலக்கு வேண்டும், இல்லையென்றால் சுலபமாக பாஸ் கிடைக்க வேண்டும் என்கிறது. குடியிருப்போர் சங்கங்களையும் பெயர் சொல்லியே குறிப்பிட்டிருக்கிறார்கள்: கை கால் சுத்தம் செய்துகொண்டு உதவியாளர் உள்ளே வர விட வேண்டும். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 8-ம் பிரிவும் ஆபத்துக் காலத்தில் சமமான பாதுகாப்பு தரச் சொல்கிறது. பிடிஎஃப் இதோ.

*ரமேஷ் 4ஏ:* அரசு 1000 ரூபாய் கூட அறிவித்திருக்கிறதே?

*கீதா 2பி:* அது ஏழை மாற்றுத்திறனாளிகளுக்கு, இரண்டு தவணையில். அவர்களுக்குப் போய்ச் சேரட்டும் தம்பி. எங்களுக்குப் பணம் வேண்டாம், அவரைப் புரட்ட ஆள் வேண்டும்.

*செயலாளர் நடராஜன்:* படித்துவிட்டேன். கேட்டில் சொல்லியாயிற்று, முருகன் மேலே வருகிறார். சோப்பு போட்டுக் கை கழுவி, மாஸ்க்கோடு வரட்டும்.

*ரமேஷ் 4ஏ:* லிஃப்டை விட்டுப் படியில் வந்தால் அம்மாவுக்கும் நிம்மதி.

*கீதா 2பி:* சரி தம்பி. வந்ததும் உடை மாற்றித்தான் அவரைத் தொடுவார். சார், இரவு திரும்பும்போது போலீஸ் மறிக்கிறார்கள். சங்கத்தின் லெட்டர்பேடில் ஒரு கடிதம் கிடைக்குமா?

*செயலாளர் நடராஜன்:* மதியத்துக்குள் தருகிறேன் மேடம். வண்டி நம்பர் தனியாக அனுப்புங்கள்.

*கீதா 2பி:* நன்றி சார். ஞாயிற்றுக்கிழமை மாற்று ஆள் வருவார், அவர் பெயரையும் சேர்த்துவிடுங்கள்.